காலி ஓட்டம்

லிஃப்ட் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காலியாக ஓட்டு. அடுத்து மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டு. அதற்கடுத்து, பாரம் தாங்காமல் மணி அடிக்கும்வரை மூட்டையை ஏற்று. ஆள் ஏறுவது கடைசியில்தான். இருபத்திரண்டு வருடமாக அவன் அந்த வேலையில் இருந்தான். ஒருநாளும் வரிசையைத் தாண்டியதில்லை. அவன் கை வைத்த லிஃப்டில் ஒருவருக்கும் நகக்கீறல்கூட விழுந்ததில்லை.

அவன் மனைவி தையல்காரி. குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்திலேயே கடை. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசக்கூடியவள். துணி கொடுக்க வந்தவர்கள் கொடுத்த பிறகும் அரைமணி நேரம் நின்று அவள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இடுப்பளவை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். எழுதிக் காட்டுவாள். மற்றதெல்லாம் தெருமுனைவரை கேட்கும்.

அந்தக் குரல் கம்மியது. முதலில் சளி என்று நினைத்தார்கள். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் கம்மல் போகவில்லை. மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்ததில் கட்டி தெரிந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். இப்போதே எடுத்தால் உயிருக்குப் பயமில்லை. கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகப் போகும். பேச்சு வராது.

நாள் குறித்தார்கள். நடுவில் இருபத்தாறு நாள் இருந்தது.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி அதே மருத்துவமனையில் இருந்தாள். அவள் ஒரு வழி சொன்னாள். இப்போதே எண்ணூறு வாக்கியங்களைப் பேசிப் பதிந்து வைத்துக்கொண்டால், அதைக் கேட்டுக் கேட்டு ஒரு கணினி இந்தக் குரலைப் படித்துக்கொள்ளும். பிறகு எதைத் தட்டெழுதினாலும் இதே குரலில் சொல்லும்.

"கம்மலா இருக்கே?" என்றான் அவன்.

"இருக்கட்டும் சார். அவங்க குரல்தானே. ஆனா எண்ணூறும் வேணும். அறுநூறுக்குக் கீழ போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

வாக்கியங்கள் அச்சிட்ட தாள்களைக் கொடுத்தாள். தான் நீண்ட விடுப்பில் போவதாகவும், அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து வந்து பார்க்கும்போது பதிவுகளை மொத்தமாகக் கொண்டுவந்தால் போதும் என்றும் சொன்னாள்.

கடையின் பின்னால் துணி வெட்டும் அறை இருந்தது. சுவரெல்லாம் துணிச்சுருள். எதிரொலி இல்லை. மடிக்கணினியை வெட்டுமேசையில் வைத்து, ஒலிவாங்கியைத் தையல் பொம்மையின் கழுத்தில் கட்டினான். வீட்டுக் குளிர்பெட்டியின் இரைச்சல் தரைவழியாக வருகிறது என்று அதை அணைத்தான். அப்படியும் ஓர் உறுமல் கேட்டது. லிஃப்டின் மோட்டார். சாவி அவனிடம்தான் இருந்தது. தினமும் இரண்டு மணிமுதல் நான்கு மணிவரை லிஃப்டை நிறுத்தி, 'பராமரிப்பு நடக்கிறது' என்று பலகை மாட்டினான்.

மூன்றாவது மாடிக்காரர் படியேறிக்கொண்டே கத்தினார். "நல்லா ஓடுற லிஃப்டுக்கு தினமும் என்னய்யா பராமரிப்பு?"

"சொல்லிடுங்க," என்றாள் அவள் உள்ளேயிருந்து. "அதுக்கும் தொண்டையில கட்டியாம்."

தாளின் தலையில் ஒரு குறிப்பு இருந்தது. ஒவ்வொரு நாளும் பேசத் தொடங்குமுன் பத்து விநாடி சும்மா இருந்து, அறையின் அமைதியைத் தனியாகப் பதிய வேண்டும். பின்னாலிருக்கும் இரைச்சலைக் கழிக்க அது தேவைப்படும்.

"பத்து விநாடி வாயை மூடுன்னு கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிப் பார்த்தீங்க. எழுதிக் கொடுத்ததும் கேக்குறேன் பாருங்க."

"இப்பவும் பேசிட்டுதான் இருக்கே."

"சரி, சரி. அமுக்குங்க."

அவன் பொத்தானை அமுக்குவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்தாவது விநாடியில் குபீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிப்பாள்.

கதவைத் திற. தண்ணீர் சூடாக இருக்கிறது. நாளை மழை வரும்போல் தெரிகிறது. எனக்கு இன்று வலி குறைவு.

"இதை எழுதினவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது," என்றாள் ஒருநாள். "எண்ணூறு வாக்கியத்துல ஒரு இடத்துலகூடப் புருஷனைத் திட்டல. நான் எதை வச்சுக் குடும்பம் நடத்துறது?"

கடைசிப் பக்கத்தின் பின்புறம் அவளே முப்பது வாக்கியங்களை எழுதிச் சேர்த்துக்கொண்டாள்.

மடிக்கணினி பழையது. அவள் தம்பி நான்கு வருடத்துக்குமுன் அதில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். இல்லாவிட்டால் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். முதல் நாள் பதிவு முடிந்ததும் மச்சானைக் கூப்பிட்டான்.

"மாமா, ஒரே இடத்துல வச்சிருந்தா அது இல்லாததுக்குச் சமம்."

"எனக்கே சொல்றியா மாப்ளே. லிஃப்டை ஒத்தைக் கயித்துலயா தொங்க விடுறோம்? ஆனா ஒண்ணு. கறுப்புத் திரையில கட்டளை அடிக்கிற கதையெல்லாம் எனக்கு ஆகாது. பொத்தான் இருந்தா சொல்லு."

"பொத்தான் இருக்கு. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்."

அப்படித்தான் இருந்தது. திரையில் ஒரு சின்ன ஜன்னல், ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு நகலெடுக்க. மேலே இரண்டு பெட்டிகள். முதல் பெட்டியில் எங்கிருந்து என்று காட்ட வேண்டும்: மடிக்கணினியின் 'குரல்' என்ற கோப்புறை. இரண்டாவதில் எங்கே என்று காட்ட வேண்டும்: வெளியே வயரில் தொங்கும் டிஸ்க்கிலும் 'குரல்' என்றே ஒரு கோப்புறை. அவற்றின் கீழே டிக் போடும் சதுரங்கள் நிறைய. அடியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று பாவனையாக ஓட்டிக் காட்டும், எதையும் தொடாது. மற்றது நிஜமாகவே செய்யும்.

"எப்பவும் முதல்ல பாவனைப் பொத்தானை அமுக்குங்க மாமா. என்ன நடக்கப் போகுதுன்னு பட்டியல் போடும். படிச்சுப் பார்த்துட்டு அப்புறம் அடுத்தது."

முதல் நாள் அப்படியே செய்தான். பிறகு விட்டுவிட்டான். அவன் தொழிலில் பாவனை கிடையாது. லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் லிஃப்டை ஓட்ட வேண்டும்.

இரண்டாவது வாரம் டிஸ்க்கில் குப்பை சேர்ந்தது. அவள் இருமிய பதிவுகள், தடுமாறிய பதிவுகள். மடிக்கணினியில் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தாலும் டிஸ்க்கில் பழையது கிடந்தது. எது நல்லது எது கெட்டது என்று குழம்பியது. மறுபடி மச்சானைக் கூப்பிட்டான்.

"மூணாவது சதுரத்துல ஒரு டிக் போடுங்க மாமா. இங்க இல்லாதது அங்கயும் இருக்காது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆயிடும்."

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அந்தச் சொல் அவனுக்குப் பிடித்தது. வேலைக் குறிப்பேட்டில் ஜன்னலைப் படமாக வரைந்து, மூன்றாவது சதுரத்தில் டிக் போட்டு, பக்கத்தில் அம்புக்குறி போட்டு அந்தச் சொல்லையே எழுதி வைத்தான்.

அறுவைக்கு இரண்டு நாள் இருக்கும்போது எண்ணூற்று முப்பதும் முடிந்தன. அன்று அவள் அதற்கப்புறமும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அதைப் பதியவில்லை. பதிய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனையில் மாலை ஐந்துமுதல் ஆறுவரைதான் பார்க்க விடுவார்கள். அவன் மூன்று வாரம் விடுப்புப் போட்டிருந்தான். மிச்ச நேரமெல்லாம் வீட்டில் சும்மா இருந்தான். சும்மா இருக்கிற கை அல்ல அது. தையல் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டான். கடைப் படிக்கட்டில் உடைந்திருந்த கல்லை மாற்றினான். ஆறாம் நாள் மடிக்கணினியில் கைவைத்தான்.

பதியும்போது இரண்டு தடவை அது உறைந்து நின்றிருந்தது. புதிய லினக்ஸை மொத்தமாகத் துடைத்துப் போட்டால் சரியாகும் என்று மச்சான் எப்போதோ சொல்லியிருந்தான். அவள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்துதான் தட்டெழுதப்போகிறாள். அப்போது அது உறைந்து நிற்கக் கூடாது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. டிஸ்க்கைச் சொருகி, உள்ளே எண்ணூற்று முப்பதும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தான். நடுவில் மூன்றைத் திறந்து கேட்டான். மூன்றிலும் அவள் பேசினாள். டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினான். அதன் பிறகுதான் மடிக்கணினியைத் துடைத்தான். திரை ஒருமுறைக்கு இருமுறை கேட்டது. எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? சம்மதம்.

மாலைக்குள் புதிய லினக்ஸ் ஏறிவிட்டது. கணினி வேகமாக இருந்தது. மறுநாள் காலை அதே சின்ன ஜன்னலைப் புதிதாகப் போட்டான். குறிப்பேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக நிரப்பினான். மடிக்கணினியில் 'குரல்' என்று புதுக் கோப்புறை. இரண்டாவது பெட்டியில் டிஸ்க். மூன்றாவது சதுரத்தில் டிக்.

டிஸ்க்கில் இருக்கும் குரலை இனி இங்கே கொண்டுவர வேண்டும். ஆனால் புதிதாகப் பூட்டிய எந்திரத்தில் எடுத்த எடுப்பில் ஆளை ஏற்றுவது அவன் பழக்கத்தில் இல்லை.

முதலில் காலி ஓட்டம்.

மடிக்கணினியின் கோப்புறை காலியாகவே இருந்தது. நிஜப் பொத்தானை அமுக்கினான். ஜன்னலுக்குள் எழுத்துகள் ஓடின. 001, 002, 003 என்று அவள் பதிவுகளின் எண்கள் ஒவ்வொரு வரியிலும் வந்து மேலே போயின. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது. படிக்கிற கண்ணாடியைக் கடையில் விட்டிருந்தான். எண்களைப் பார்க்கப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. டிஸ்க்கில் இருப்பதைச் சரியாக அடையாளம் காண்கிறது, எண்ணிப் பார்க்கிறது என்று நினைத்தான். 830க்குப் பிறகு பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. முடிந்தது.

அடுத்து மூட்டை. நிறுவனம் கொடுத்த பயிற்சிப் படங்கள் அவனிடம் இருந்தன. கயிறு மாற்றுவது எப்படி, கதவின் சென்சார் கண்ணைத் துடைப்பது எப்படி. கனமான கோப்புகள். அவற்றைக் கோப்புறையில் போட்டு ஓட்டினான். பச்சை. அதே படங்களை நகலெடுத்து, நகலை நகலெடுத்து, மேலும் மேலும் போட்டு ஓட்டினான். டிஸ்க் சின்னது. பிற்பகல் மூன்று மணிக்கு இடமில்லை என்று சிவப்பாகக் காட்டி நின்றது.

மணி அடித்துவிட்டது. திருப்தி. படங்களை அழித்தான். கடைசியாக ஒருமுறை ஓட்டினான். பச்சை.

இனி ஆள்.

டிஸ்க்கைத் திறந்தான். 'குரல்' கோப்புறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

மூடிவிட்டுத் திறந்தான். வயரைக் கழற்றி மாட்டினான். வேறு துளையில் மாட்டினான். கடைக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துவந்தான். பழைய ஓட்டங்களின் பட்டியலை ஜன்னல் வைத்திருந்தது. காலை ஓட்டத்தைத் திறந்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் இருந்த ஆங்கிலச் சொல்லைப் படித்தான். அழிக்கிறேன், அழிக்கிறேன் என்று அது எண்ணூற்று முப்பது தடவை சொல்லியிருந்தது.

மச்சானைக் கூப்பிட்டான். என்ன செய்தான் என்று முதலிலிருந்து சொன்னான்.

"பாவனைப் பொத்தானை அமுக்குங்கன்னு சொன்னேனே மாமா."

"சொன்னே."

"காலிப் பக்கத்தைக் காட்டி ரெண்டையும் ஒண்ணாக்குன்னா, அதுவும் காலியாத்தானே ஆகும்? சரி, அழிஞ்சாக்கூட மீட்டிருக்கலாம். அதுக்குமேல எதுக்கு மாமா மூட்டையை ஏத்தினீங்க?"

"ஆளை ஏத்துறதுக்கு முன்னாடி ஏத்தணும்."

"எதையும் தொடாதீங்க. நான் வரேன்," என்றான் மச்சான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மருத்துவமனையில் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் குழாய். மடியில் எழுதி அழிக்கும் அட்டை. அவனைப் பார்த்ததும் எழுதினாள்.

எல்லாம் பத்திரமா?

கடையைக் கேட்கிறாள், வீட்டைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அவனுக்குத் தெரியும் எதைக் கேட்கிறாள் என்று.

"பத்திரம்," என்றான்.

மச்சான் இரண்டு நாள் வெட்டுமேசையில் உட்கார்ந்து டிஸ்க்கைத் துழாவினான். தன்னுடைய கணினியில் மாட்டி, அழிந்ததைத் தேடித்தரும் கருவியை ஓடவிட்டான். பயிற்சிப் படத்தின் துண்டுகள் வந்தன. கையுறை போட்ட ஒரு கை கயிற்றைத் தடவிப் பார்ப்பது வந்தது. துடைக்கப்பட்ட மடிக்கணினியில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஆறு ஒலிப்பதிவுகள் கிடைத்தன.

"ஒரு ஓரத்துல கொஞ்சம் இடம் எழுதப்படாம இருந்திருக்கு மாமா. அங்கேர்ந்து வந்தது."

முதல் பதிவைப் போட்டான். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினான். மெல்லிய இரைச்சல் மட்டும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"கெட்டுப்போச்சு போல," என்றான் மச்சான்.

"கெடல," என்றான் அவன். "அது அறை."

ஐந்து அப்படி இருந்தன. தினமும் பேசத் தொடங்குமுன் பதிந்த பத்து விநாடி. ஆறாவதிலும் அதே அமைதிதான், ஆனால் முடியப்போகும் இடத்தில் அவள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அத்தோடு பதிவு முடிந்தது.

மச்சான் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். "ஆனைக்கும் அடி சறுக்கும் மாமா," என்று ஆரம்பித்து அத்தோடு நிறுத்திக்கொண்டான். கிளம்பும்போது வாசலில் நின்றான்.

"அக்காகிட்ட நான் சொல்லட்டா?"

"நான் சொல்றேன்."

"எப்போ?"

"வரட்டும்."

பன்னிரண்டாம் நாள் வந்தாள். முதல் வேலையாகக் கடையைத் திறந்து பார்த்தாள். படிக்கட்டில் புதுக் கல்லைக் காலால் தட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். மூன்றாவது மாடிக்காரர் லிஃப்டிலிருந்து வெளியே வந்தவர், அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "நல்லாருங்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை வெட்டும் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். அட்டையில் எழுதி அவனிடம் காட்டினாள்.

என்னைப் போடுங்க. கேக்கணும்.

அவன் நின்றுகொண்டே சொன்னான். விபத்து நடந்தால் அலுவலகத்துக்கு எப்படி எழுதிக் கொடுப்பார்களோ அப்படி, நடந்த வரிசையில். எண்ணிப் பார்த்தது, மூன்றைக் கேட்டது, துடைத்தது, காலி ஓட்டம், மூட்டை, மணி. எதற்காகச் செய்தேன் என்று சொல்லவில்லை. மருத்துவமனையில் பத்திரம் என்று சொன்னது பொய் என்றும் சொன்னான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்.

ஒண்ணுகூட இல்லையா?

"ஆறு இருக்கு. அதுல நீ பேசல."

போடுங்க என்று கையைக் காட்டினாள். மூச்சு இருந்த பதிவைப் போட்டான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அந்த மூச்சு வந்தபோது அவள் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் துளையின் மேல் நின்றது. இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டான். அதற்குப் பிறகு மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்து நிறைய எழுதினாள். வேகமாக எழுதினாள். பேனா தாளைக் கிழித்தது. எழுதி முடித்ததும் அவனிடம் காட்டாமல் தாளைக் கசக்கி, வெட்டிய துணித்துண்டுகள் கிடந்த கூடையில் போட்டாள். கதவைக் காட்டினாள்.

அவன் வெளியே வந்தான். கதவு சாத்தப்பட்டது.

கடையில் உட்கார்ந்தான். இதற்குமுன் அவள் கோபப்பட்டால் தெருவுக்கே தெரியும். அழுதால் கட்டடத்துக்கே தெரியும். எப்போது உள்ளே போகலாம், எப்போது போகக் கூடாது என்று அவனுக்குச் சத்தத்தை வைத்துத்தான் கணக்கு. இப்போது கதவுக்குப் பின்னால் அவள் அழுகிறாளா, துணி மடிக்கிறாளா, சும்மா உட்கார்ந்திருக்கிறாளா என்று தெரியவில்லை. காதைக் கதவில் வைத்தான். லிஃப்ட் மேலே போகும் சத்தம் கேட்டது.

மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அவனைத் தாண்டிப் போய்த் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தாள்.

மூன்று நாள் அவள் அவனுக்கு எதையும் எழுதிக் காட்டவில்லை. வாடிக்கையாளர்களுக்கு எழுதினாள். மச்சான் வந்தபோது அவனுக்கு எழுதினாள். நான்காம் நாள் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் அட்டையைத் தள்ளினாள்.

உங்களத் திட்ட முப்பது வச்சிருந்தேன். அதையாவது விட்டு வச்சிருக்கலாம்.

அவன் படித்தான். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தான். அவளும் சிரிக்கவில்லை. அட்டையை இழுத்துத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

குறித்த தேதியில் மருத்துவமனைக்குப் போனார்கள். பேச்சுப் பயிற்சி தரும் பெண் விடுப்பு முடிந்து வந்திருந்தாள். தையலைப் பார்த்தாள், நன்றாக ஆறியிருக்கிறது என்றாள். கையை நீட்டினாள்.

"டிஸ்க்கைக் கொடுங்க. இன்னிக்கே ஏத்திட்டா மூணு வாரத்துல குரல் வந்துடும்."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் அட்டையில் எழுதி மேசையில் வைத்தாள்.

டிஸ்க் கெட்டுப்போச்சு.

அவன் அதைப் படித்தான். எழுதிய கை அட்டையின் மேலேயே இருந்தது.

"டிஸ்க் கெடல மேடம்," என்றான். "நான்தான் அழிச்சேன்."

பயிற்சியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு இடத்தில் அவள் பேசியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். தொலைபேசியில் அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன. மச்சான் தேடி எடுத்துக் கொடுத்திருந்தான். பதினாறு. ஒன்றில் பேருந்து இரைச்சல். ஒன்றில் மழை. வரேன், வந்துட்டேன், நூல் வாங்கிட்டு வாங்க. பயிற்சியாளர் இரண்டைக் கேட்டுவிட்டு, இது போதாது என்று தலையசைத்தாள். ஆறுதலாக எதையோ சொல்லப் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. திரையில் தட்டினால் பேசும்.

"இதுல ஏற்கனவே அஞ்சு பெண் குரல் இருக்கு. கேட்டுப் பார்த்துட்டு ஒண்ணை எடுத்துக்கலாம்."

அவள் கருவியை வாங்கினாள். வாங்கி அவன் பக்கம் நகர்த்தினாள். எழுதினாள்.

நீங்க எடுங்க.

"நானா? உனக்குத்தானே..."

நான் எழுதப்போறேன். கேக்கப்போறது நீங்கதான்.

அவன் அந்த வரியை இரண்டு முறை படித்தான். கருவியை எடுத்துக்கொண்டான். ஐந்து குரல்களும் ஒரே வாக்கியத்தைச் சொன்னன. வணக்கம், என் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா. முதல் குரல் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. இரண்டாவது குரல் கொஞ்சம் கனமாக, அடித்தொண்டையில், வாக்கியத்தின் முடிவில் சற்று மேலே ஏறியது. அவள் குரல் ஏறுவதுபோல. அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தான். மூன்றாவது குரலைக் கேட்டான். நான்காவதைக் கேட்டான். அது மெலிந்த, சுத்தமான, இளம் குரல். எங்கேயும் அவளோடு ஒட்டவில்லை.

"இது," என்றான்.

"ரெண்டாவது இவங்க வயசுக்குப் பொருத்தமா இருக்குமே சார்," என்றாள் பயிற்சியாளர்.

"வேண்டாம். இது."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பயிற்சியாளரிடம் சரி என்று தலையசைத்தாள்.

கருவியைப் பயன்படுத்தக் கற்றுத்தந்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். மூன்று தாள்களும் ஒரு கோப்பும் கொடுத்தார்கள். அவன் கோப்பை அக்குளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். நடைவழி குறுகலாக இருந்தது. ஒரு பக்கம் சக்கரப் படுக்கைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எதிரே இரண்டு செவிலியர்கள் பேசிக்கொண்டே வந்து கடந்து போனார்கள். அவன் மருந்துச்சீட்டில் எந்த மாத்திரை காலை, எந்த மாத்திரை மாலை என்று பார்த்துக்கொண்டே நடந்தான்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "கொஞ்சம் நில்லுங்க," என்றது.

மெலிந்த, இளம் குரல். யாரோ அவசரமாகப் போகிறார்கள் என்று நினைத்தான். சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

யாரும் கடந்து போகவில்லை.